படுக்கை காலியில்லை

சென்ற ஆண்டு எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் நடந்த ரத்ததான முகாமில் பேச அழைத்திருந்தார்கள். இத்தகைய முகாம்களில் நான் பல ஆண்டுகளாகத் தவறாமல் சொல்லி வந்த கதை ஒன்று உண்டு. ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்துப் பெருமளவில் சேமிக்கும் முறையைச் செம்மைப்படுத்திய சார்லஸ் ட்ரூ என்ற கறுப்பின அமெரிக்க மருத்துவர் 1950இல் வட கரோலினாவில் கார் விபத்தில் சிக்கினார். வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. உலகத்துக்கே ரத்த வங்கியைத் தந்தவர் ரத்தம் கிடைக்காமல் இறந்தார் என்பது அந்தக் கதை. இதைச் சொல்லி முடித்ததும் அரங்கம் அமைதியாகிவிடும். பிறகு பிள்ளைகள் வரிசையில் வந்து நிற்பார்கள். அன்றும் அப்படித்தான் நடந்தது. ரத்தம் கொடுத்துவிட்டு, பஞ்சு வைத்து மடக்கிய கையோடு பிஸ்கெட் மேசையருகே உட்கார்ந்திருந்த ஒரு மாணவி என்னைக் கூப்பிட்டு, "சார், நீங்க சொன்னது நிஜமா? இப்பதான் போன்ல தேடிப் பார்த்தேன். அவரைச் சேர்த்துக்கிட்டாங்கன்னு போட்டிருக்கு" என்றாள்.

"பார்த்துச் சொல்றேன்மா" என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அன்றிரவே படிக்கத் தொடங்கினேன். அவள் சொன்னதுதான் சரி. 1950 ஏப்ரல் 1ஆம் தேதி விடியற்காலையில், அலபாமா மாநிலத்து டஸ்கீகியில் நடக்கவிருந்த இலவச மருத்துவ முகாமுக்கு மூன்று சக மருத்துவர்களோடு போய்க்கொண்டிருந்த ட்ரூ, காரை ஓட்டியபடியே கண்ணயர்ந்துவிட்டார். பர்லிங்டன் நகரத்து அலமான்ஸ் பொது மருத்துவமனைக்கு அவரைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த வெள்ளை மருத்துவர்கள் அவரைக் காப்பாற்ற முயன்றார்கள். காயம் அவ்வளவு கடுமையானது, அவர் பிழைக்கவில்லை. உடன் பயணம் செய்த மருத்துவர்களே, செய்யக்கூடியதையெல்லாம் அந்த மருத்துவமனை செய்தது என்று பின்னர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்.

இத்தனை ஆண்டுகளாக ஒரு பொய்யைச் சொல்லியிருக்கிறேனே என்ற வருத்தம் ஒருபுறம். அதைவிட என்னை அலைக்கழித்தது வேறொரு கேள்வி. அந்தக் காலத்துக் கறுப்பின மக்கள் ஏன் இதை உடனே நம்பினார்கள்? விபத்து நடந்த சில நாள்களிலேயே வாய்மொழியாகப் பரவத் தொடங்கிய கதை இது. தெற்கு மாநிலங்களில் வாழ்ந்தவர்களுக்கு அதில் நம்ப முடியாதது எதுவும் இருக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், அதே அலமான்ஸ் வட்டாரத்தில், இன்னொரு கார் விபத்து நடந்தது. அதில் தலையில் அடிபட்டவர் இரண்டாம் உலகப் போரில் பணியாற்றித் திரும்பி, கிரீன்ஸ்பரோவில் உள்ள ஏ அண்டு டி என்ற கறுப்பினக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கறுப்பின இளைஞர். பர்லிங்டன் மருத்துவமனை முதலுதவி செய்து, மூளை அறுவை சிகிச்சைக்கு வசதியுள்ள டியூக் பல்கலைக்கழக மருத்துவமனைக்கு அவரை அனுப்பியது. டியூக்கில் கறுப்பினத்தவருக்கென்று ஒதுக்கியிருந்த படுக்கைகள் நிரம்பியிருந்தன. அங்கிருந்து டர்ஹாமின் கறுப்பின மருத்துவமனையான லிங்கனுக்கு அனுப்பினார்கள். அங்கு போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் அவர் இறந்துபோனார்.

இந்த இரண்டு மரணங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோதுதான் நான் சொல்லி வந்த கதையில் என்ன கோளாறு என்பது எனக்குப் புரிந்தது. என் கதையில் வாசலில் ஒரு கொடியவன் நிற்கிறான். அவன் உள்ளே விட மறுக்கிறான். நடந்த உண்மையில் அப்படி யாரும் நிற்கவில்லை. ஒரு பதிவேடுதான் இருந்தது. அதில் கறுப்பர் படுக்கை இத்தனை, வெள்ளையர் படுக்கை இத்தனை என்று இரண்டு கணக்குகள் இருந்தன. வெள்ளையர் வார்டில் படுக்கைகள் காலியாகக் கிடந்தாலும், முதல் கணக்கு நிரம்பிவிட்டால் பதில் ஒன்றுதான்: படுக்கை காலியில்லை. அதைச் சொன்ன ஊழியர் பொய் சொல்லவில்லை. கேட்டவரிடம் கோபப்பட்டிருக்கவும் மாட்டார். வருத்தத்தோடுகூடச் சொல்லியிருக்கலாம்.

தந்தையின் மேசையும் மகனின் சட்டமும்

அந்த இரண்டு கணக்குகளுக்கும் மத்திய அரசின் பணமே செலவானது என்பதுதான் நான் அறியாமலிருந்த பகுதி. போர் முடிந்த பின் 1946இல் ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்திட்ட ஹில்-பர்ட்டன் சட்டம் நாடெங்கும் மருத்துவமனைகள் கட்ட நிதி தந்தது. ஏழை மாநிலங்களின் சிற்றூர்களில் நல்ல மருத்துவமனைகள் எழுந்தது அந்தச் சட்டத்தால்தான். அதன் நன்மையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அதன் நடுவில் ஒரு விதிவிலக்கும் இருந்தது. சமமான தரத்தில் தனித்தனி வசதிகள் செய்து கொடுத்தால் போதும், இனவாரியாகப் பிரித்துக்கொள்ளலாம் என்றது அது. தெற்கு செனட்டர்களின் ஓட்டு வேண்டியிருந்ததால் அந்த வரி உள்ளே வந்தது.

சட்டத்துக்குப் பெயர் தந்த இருவரில் ஒருவர் அலபாமா செனட்டர் லிஸ்டர் ஹில். அவருடைய தந்தை லூதர் ஹில் மாண்ட்கமரி நகரத்து அறுவை மருத்துவர். கிருமிநீக்க அறுவை முறையைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரிடம் பயின்றவர். அந்த மரியாதையில் மகனுக்கு லிஸ்டர் என்று பெயர் வைத்தவர். 1902இல் நெஞ்சில் கத்திக்குத்துப் பட்டுச் சாகக் கிடந்த 13 வயதுக் கறுப்பினச் சிறுவன் ஒருவனை, அவனுடைய வீட்டிலேயே ஒரு மேசை மீது கிடத்தி, மண்ணெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில், துடித்துக்கொண்டிருந்த இதயத்தில் தையல் போட்டுக் காப்பாற்றினார் லூதர் ஹில். அமெரிக்காவில் இதயக் காயத்தைத் தைத்து நோயாளி பிழைத்த நிகழ்வுகளில் மிக முந்தையது அது. அந்த வீட்டில் வளர்ந்த மகன், நாட்டுக்கே மருத்துவமனைகள் கட்டித்தரும் சட்டத்தை எழுதும்போது, அதே சிறுவனைத் தனி வார்டில் வைக்க இடம் விட்டே எழுதினார். தந்தைக்கு இருந்த இரக்கம் மகனுக்கு இல்லை என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். ஒரு நோயாளியின் முன் நிற்கும் மனிதனிடமிருந்து வரும் இரக்கம், சட்டத்தின் வாசகத்துக்குள் தானாக வந்து சேர்வதில்லை என்பதை மட்டும் அந்த ஒரு குடும்பத்தில் பார்க்கிறேன்.

பல் மருத்துவர் எழுதிய கடிதம்

கிரீன்ஸ்பரோ என்றதும் நினைவுக்கு வருவது 1960 பிப்ரவரி 1ஆம் தேதி உல்வொர்த் கடையில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேடையில் நான்கு கறுப்பின மாணவர்கள் உட்கார்ந்த போராட்டம்தான். அந்தக் கட்டடம் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அவர்களும் ஏ அண்டு டி கல்லூரி மாணவர்கள். அதே ஊரில், அதே கல்லூரி மாணவர் ஒருவரின் சொத்தைப் பல்லிலிருந்து தொடங்கிய வழக்கைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. என் பார்வையில் அந்த வழக்கு சாப்பாட்டு மேடைப் போராட்டத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை.

ஜார்ஜ் சிம்கின்ஸ் அங்கே பல் மருத்துவர். கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் உள்ளூர்த் தலைவர். 1955 டிசம்பரில், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த நகராட்சி கால்ஃப் மைதானத்தில் 75 சென்ட் கட்டணத்தை மேசைமீது வைத்துவிட்டு நண்பர்களோடு ஆடப் போய்க் கைதானவர். அவரிடம் கடைவாய்ப் பல் சீழ் பிடித்து, காய்ச்சலோடு ஒரு மாணவர் வந்தார். உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை. ஊரின் கறுப்பின மருத்துவமனையில் இடத்துக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மோசஸ் கோன் நினைவு மருத்துவமனை, வெஸ்லி லாங் மருத்துவமனை என்று ஊரிலிருந்த மற்ற இரண்டிலும் கேட்டுப் பார்த்தார், இரண்டும் மறுத்தன. அவை இரண்டும் ஹில்-பர்ட்டன் நிதியில் வளர்ந்தவை என்பதை சிம்கின்ஸ் தேடிக் கண்டுபிடித்தார். கோனுக்கு ஏறத்தாழ 12.7 லட்சம் டாலரும், வெஸ்லி லாங்குக்கு ஏறத்தாழ 19.5 லட்சம் டாலரும் ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த வரிப்பணத்தில் சிம்கின்ஸ் கட்டிய பங்கும் இருந்தது. நியூயார்க்கில் இருந்த வழக்கறிஞர் ஜாக் கிரீன்பெர்க்குக்கு அவர் கடிதம் எழுதினார்.

1962 பிப்ரவரியில் மருத்துவர்களும் பல் மருத்துவர்களும் நோயாளிகளுமாகப் பதினொரு பேர் வழக்குத் தொடுத்தார்கள். அவர்களில் ஒருவரான ஆல்வின் பிளவுன்ட் கொரியப் போரில் ராணுவக் கள மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தவர். போர்முனையில் அமெரிக்க வீரர்களின் வயிற்றைத் தைத்த அந்தக் கைகளுக்குச் சொந்த ஊரின் பெரிய மருத்துவமனையில் கத்தியைத் தொட அனுமதியில்லை. தனியார் மருத்துவமனைகளின் முடிவில் அரசமைப்பு தலையிடாது என்று கீழ் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. மேல்முறையீட்டில் மத்திய அரசின் நீதித்துறை, தன் நாட்டுச் சட்டத்தின் அந்த விதிவிலக்கு செல்லாது என்று தானே வழக்காடியது. 1963 நவம்பர் 1ஆம் தேதி, மூன்று நீதிபதிகளுக்கு இரண்டு பேர் என்ற கணக்கில், சிம்கின்ஸ் தரப்பு வென்றது. 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மருத்துவமனைகளின் மனுவை ஏற்க மறுத்ததால் தீர்ப்பு நிலைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வந்த குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி, மத்திய அரசின் நிதியைப் பெறும் எவரும் இனம் பார்த்து ஒதுக்கக் கூடாது என்றது.

1966இன் அந்த நான்கு மாதங்கள்

சட்டம் வந்துவிட்டது என்பதால் எதுவும் மாறிவிடாது என்பதற்குப் பக்கத்திலேயே சான்று இருந்தது. பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்துப் பத்தாண்டுகள் ஆன பிறகும், தெற்கில் வெள்ளைக் குழந்தைகளோடு படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. "சட்டம் போட்டு மனசை மாத்த முடியாது" என்று நம் வீடுகளில் சொல்வதை நான் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறேன், நானும் சொல்லியிருக்கிறேன். பள்ளிகளின் வரலாறு அதை உறுதிப்படுத்துவதுபோலத் தோன்றும். மருத்துவமனைகளின் வரலாறு அதை அப்படியே ஏற்க விடவில்லை.

1965 ஜூலை 30ஆம் தேதி, மிசௌரியின் இண்டிபெண்டன்ஸ் நகரில், 81 வயது ட்ரூமனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 65 வயதைக் கடந்தவர்களுக்கான மெடிகேர் காப்பீட்டுச் சட்டத்தில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். அடுத்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி அது நடைமுறைக்கு வர வேண்டும். ஏறத்தாழ 1.9 கோடி முதியவர்கள். அவர்களுடைய மருத்துவமனைச் செலவை மத்திய அரசு ஏற்கும். முதியவர்களே அதிகம் படுக்கையில் கிடப்பவர்கள் என்பதால், அந்த வருமானத்தை வேண்டாம் என்று சொல்லக்கூடிய மருத்துவமனை நாட்டில் அநேகமாக இல்லை. அப்போது சுகாதாரத் துறையில் இருந்த சிலர் எடுத்த முடிவுதான் எல்லாவற்றையும் திருப்பியது. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு புகார் வந்தால் விசாரிப்பது என்ற பழைய வழக்கத்தை அவர்கள் கைவிட்டார்கள். பிரிவினையை நீக்கியதாக நேரில் உறுதி செய்த பிறகே மருத்துவமனை மெடிகேரில் சேரலாம் என்று வைத்தார்கள். 1966 மார்ச்சில், பொது சுகாதாரத் துறையின் தலைவரான சர்ஜன் ஜெனரல் வில்லியம் ஸ்டீவர்ட்டின் கடிதம் நாட்டின் ஏறத்தாழ 7,000 மருத்துவமனைகளுக்கும் போனது. கையில் நான்கே மாதங்கள் இருந்தன.

இதற்கென்று ஆள் இல்லை. பொது சுகாதாரத் துறையின் பல பிரிவுகளிலிருந்தும் வேறு அலுவலகங்களிலிருந்தும் ஊழியர்களைத் திரட்டி, சில நாள் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் எதைப் பார்த்தார்கள் என்று படிக்கும்போது மனம் நெகிழ்கிறது. ஏனென்றால் அவர்கள் பார்த்தவை எல்லாம் மிகச் சாதாரணமானவை. எந்த வாசல் வழியாக யார் வருகிறார்கள்? இரண்டு பேர் தங்கும் அறையில் ஒரு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளையரும் இருக்கிறார்களா? பிறந்த குழந்தைகளை ஒரே அறையில் வைத்திருக்கிறார்களா? ஊழியர் உணவகத்தில் யார் எங்கே உட்கார்கிறார்கள்? தண்ணீர்க் குழாயின் மேலிருந்த பலகையைக் கழற்றிவிட்டார்களா? கறுப்பின மருத்துவருக்கு நோயாளியைச் சேர்க்கும் உரிமை உண்டா? "நோயாளிகளே தங்கள் இனத்தவரோடு இருக்கத்தான் விரும்புகிறார்கள்" என்று நிர்வாகிகள் சொன்ன இடங்களில், விருப்பத்தைக் கேட்டு அறை ஒதுக்குவதையும் அவர்கள் ஏற்கவில்லை.

இன்னொன்றையும் கேட்டார்கள்: கறுப்பின நோயாளியை எப்படி அழைக்கிறீர்கள்? வெள்ளை நோயாளிகளைத் திரு, திருமதி என்பதும், தாய் வயதுக் கறுப்பினப் பெண்ணை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் அங்கே நெடுங்கால வழக்கம். அலபாமாவின் காட்ஸ்டன் நகர நீதிமன்றத்தில் 1963இல் அரசு வழக்கறிஞர் "மேரி" என்று கூப்பிட்டதற்கு, "செல்வி ஹாமில்டன்" என்று அழைத்தால்தான் பதில் சொல்வேன் என்று நின்றார் மேரி ஹாமில்டன் என்ற போராளி. நீதிமன்ற அவமதிப்பு என்று ஐந்து நாள் சிறையும் 50 டாலர் அபராதமும் விதித்தார்கள். 1964 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பதும் "வா", "போ" என்பதும் என்ன செய்யும் என்பதை நம் மொழியில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஏமாற்று வேலைகளும் நடந்தன. ஆய்வாளர் வரும் நாளில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டுபோய்க் கலந்து வைத்து, அவர் போனதும் பழைய வார்டுக்கே திருப்பிவிட்ட இடங்கள் உண்டு. அது வெளியே தெரிந்தது அங்கே தரை துடைத்த, துணி வெளுத்த, படுக்கை மாற்றிய கறுப்பின ஊழியர்களால்தான். பகலில் ஆய்வாளரோடு பேசுவதைப் பார்த்தால் வேலை போய்விடும் என்பதால், இரவில் வீடுகளிலும் தேவாலயங்களிலும் சந்தித்து, எந்த மாடியில் என்ன நடக்கிறது என்று சொன்னார்கள். சட்டத்தை எழுதியவர்களின் பெயர்கள் நமக்குத் தெரியும். அந்த ஊழியர்களில் அநேகரின் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் 7,000 படிவங்களும் வெறும் காகிதங்களாகவே போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜூலை 1 விடிந்தபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தகுதி பெற்றிருந்தன. பலகைகள் இறங்கிவிட்டன, இரண்டு கணக்குகள் ஒன்றாகிவிட்டன. அவற்றை நடத்தியவர்களின் மனம் அந்த நான்கு மாதங்களில் மாறியிருக்குமா? பெரும்பாலும் இருக்காது. படுக்கைப் பதிவேடு மாறியது. தெற்கின் கிராமப்புறங்களில் 1965க்குப் பிந்தைய சில ஆண்டுகளில், வயிற்றுப்போக்காலும் நிமோனியாவாலும் கறுப்பினக் குழந்தைகள் இறப்பது வேகமாகக் குறைந்ததைப் பிற்காலத்தில் பொருளாதார ஆய்வாளர்கள் கண்டு எழுதியிருக்கிறார்கள். அந்த நோய்கள் மருத்துவமனையில் சேர்த்தால், நரம்பில் நீர் ஏற்றினால், நேரத்துக்கு மருந்து கொடுத்தால் தீரக்கூடியவை. பக்கத்து வெள்ளைக் குழந்தைக்கு அவை முன்பே கிடைத்துக்கொண்டுதான் இருந்தன.

எட்டாமல் போனவை

இதை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால், ட்ரூவின் கதையில் செய்த அதே தவற்றை மறுபடி செய்தவனாவேன். மெடிகேரின் வழியாக மருத்துவர்களுக்குப் போகும் கட்டணம் ஆறாம் பகுதியில் சொல்லும் அரசு நிதியாகாது என்று அன்று முடிவு செய்தார்கள். மருத்துவர்களின் எதிர்ப்புக்குப் பயந்தே அப்படிச் செய்தார்கள். ஆகவே மருத்துவமனையின் வாசல் ஒன்றானாலும், பல ஊர்களில் மருத்துவரின் தனி அறைக்கு முன்னால் இரண்டு காத்திருப்பு அறைகள் நீடித்தன. வார்டுகளில் இனங்கள் கலப்பதைத் தவிர்க்கச் சில மருத்துவமனைகள் எல்லாவற்றையும் ஒற்றை அறைகளாக்கிக்கொண்டன.

இன்னும் வலிக்கும் ஒன்று உண்டு. கறுப்பின மக்கள் தங்கள் கைக்காசைப் போட்டு, தங்கள் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பயிற்சி தந்து நடத்திய மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. வில்மிங்டனின் கம்யூனிட்டி மருத்துவமனை 1967இல் மூடியது. 1950இல் விபத்தில் அடிபட்ட அந்த மாணவர் கடைசியாகக் கொண்டுசெல்லப்பட்ட டர்ஹாமின் லிங்கன் 1976இல் மூடியது. செயின்ட் லூயிஸில் ஒரு தலைமுறைக் கறுப்பின மருத்துவர்களை உருவாக்கிய ஹோமர் ஜி. பிலிப்ஸ் மருத்துவமனையை 1979இல், மக்கள் திரண்டு தடுத்தும், மூடினார்கள். தனியாக இருக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட காலத்தில் அவர்கள் கட்டியெழுப்பியவற்றுக்கு, கதவு திறந்த காலத்தில் இடமில்லாமல் போயிற்று. இதற்கு வேறு வழி இருந்ததா என்று எவ்வளவோ யோசித்துப் பார்த்துவிட்டேன். என்னிடம் பதில் இல்லை.

கிரீன்ஸ்பரோவின் கோன் மருத்துவமனை நிர்வாகம் 2016இல் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. வழக்குத் தொடுத்த பதினொரு பேரில் அப்போது உயிரோடு இருந்தவர் ஆல்வின் பிளவுன்ட் ஒருவர்தான். வழக்கு வென்ற பிறகு அதே மருத்துவமனையில் கறுப்பின அறுவை மருத்துவராக நுழைந்தவர் அவர். 94 வயதில் அந்த மன்னிப்பைக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஜனவரியில் காலமானார்.

இந்த ஆண்டும் அதே கல்லூரி முகாமுக்கு அழைத்தார்கள். போன ஆண்டு சொன்னது தவறு என்று முதலிலேயே சொல்லிவிட்டு, ட்ரூவுக்குச் சிகிச்சை கிடைத்ததையும், எட்டு மாதம் கழித்து அதே வட்டாரத்தில் அடிபட்ட மாணவருக்கு ஒரு படுக்கை கிடைக்காமல் போனதையும் சொன்னேன். பேச்சு நீண்டுவிட்டது, கூட்டம் முன்புபோல அமைதியாகவும் இருக்கவில்லை. கேள்வி கேட்ட அந்தப் பெண் இறுதியாண்டுக்கு வந்திருந்தாள். இம்முறை கொடையாளர்களின் விவரம் எழுதும் மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் அருகில் போனபோது நிமிர்ந்து பார்த்து, "அந்தப் பையன் என்ன படிச்சிட்டிருந்தார் சார்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தேடிச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.